19ஆம் நூற்றாண்டுப் பாதிரியார்களின் குட்டி உருவப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தந்தத் துண்டில் வரைந்த, உள்ளங்கைக்குள் அடங்கும் உருவப்படங்களைப் பற்றிய பக்கம் இது. அதிலும் குருமார் படங்களைப் பற்றி மட்டும். பெரும்பாலும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, கொஞ்சம் அமெரிக்கா. ராணிகளும் படைத்தளபதிகளும் இருக்கும்போது இதற்கென்று ஒரு பக்கமா என்று கேட்பவர்கள் ஐந்தாவது கேள்வி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. சிற்றோவியம் என்றால் எவ்வளவு சின்னது?

18ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் 4, 5 சென்டிமீட்டர் உயரமுள்ள முட்டை வடிவம். கழுத்தில் தொங்கவிடலாம், ப்ரூச்சாகக் குத்திக்கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டில் அளவு பெரிதாகிறது. 8 முதல் 12 சென்டிமீட்டர், சிலது அதற்கும் மேல், செவ்வக வடிவம், கறுப்புக் காகிதக்கூழ்ச் சட்டம், உள்விளிம்பில் பித்தளைப் பட்டை, மேலே மாட்டுவதற்கு ஒரு வளையம். உடம்பில் அணிந்த பொருள் சுவருக்கும் மேசைக்கும் போய்விட்டது. பாதிரியார் படங்களில் நீங்கள் அதிகம் பார்ப்பது இந்தக் கறுப்புச் சட்டத்து வகைதான்.

தந்தத்தில் வரையும் பழக்கம் 1700 வாக்கில் வெனிஸ் நகரத்து ரோசால்பா கரியேராவிடமிருந்து தொடங்குகிறது. அதற்கு முன்னால் மெல்லிய கன்றுத் தோலில் வரைந்தார்கள்.

2. பாதிரியார்கள் எதற்காகத் தங்களை வரைந்துகொண்டார்கள்? தற்பெருமை இல்லையா?

இருக்கலாம், மனிதர்கள்தானே. ஆனால் பெருமைக்கென்றால் எண்ணெய் வண்ணத்தில் ஆளுயரப் படம் வரைந்து கல்லூரி மண்டபத்தில் மாட்டுவார்கள், பிஷப்புகள் அப்படித்தான் செய்தார்கள். சபை மக்களுக்கு வேண்டுமென்றால் செதுக்கு அச்சுப் படம் இருந்தது. 1793இல் தொடங்கிய எவாஞ்செலிக்கல் மேகசின் போன்ற இதழ்கள் போதகர்களின் முகங்களை இதழோடு சேர்த்தே விற்றன. குட்டிப் படம் இந்த இரண்டு வேலைக்கும் உதவாது. அதை ஒரு நேரத்தில் ஒருவர்தான் கையில் வைத்துப் பார்க்க முடியும், அதனால் அது வீட்டு ஆட்களுக்கானது: மனைவி, அம்மா, கல்யாணமாகிப் போன மகள்.

எனக்கு ரொம்பப் பிடித்த காரணம் ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் ஃபெல்லோ என்ற ஆசிரியர்-உறுப்பினர் பதவியில் இருந்தவர்களில் நிறையப் பேர் குருப்பட்டம் பெற்றவர்கள், ஆனால் கல்யாணம் செய்தால் பதவி போய்விடும். கல்லூரியின் கையில் இருக்கும் ஏதாவது ஒரு பங்குக்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்துக்கு, ஆள் தேவைப்பட்டு, அந்த வாய்ப்பு வரிசைப்படி தன்னிடம் வந்து சேரும் வரை நிச்சயமான பெண்ணோடு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த விதி பொதுவாகத் தளர்ந்தது 1880களில்தான். அத்தனை வருடமும் அந்தப் பெண்ணிடம் இருக்கக்கூடியது கடிதங்களும் இப்படி ஒரு படமும்தான். கறுப்பு அங்கியோடு மூக்கும் முழியுமாக ஓர் இளைஞன் குட்டிப் படத்தில் தெரிந்தால் எனக்கு முதலில் இந்த எண்ணம்தான் வரும்.

அப்புறம் மிஷனரிகள். ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் கப்பலில் இந்தியாவுக்கு நான்கைந்து மாதம் ஆகும், திரும்புவது நிச்சயமில்லை. திருச்சிராப்பள்ளியில் 1826 ஏப்ரலில் இறந்துபோன பிஷப் ரெஜினால்ட் ஹீபர் இந்தியாவில் இருந்தது மூன்று வருடத்துக்கும் குறைவு. வீட்டில் விட்டுவர ஒரு முகம் தேவைப்பட்டது.

3. தந்தத்தில் எப்படி வரைந்தார்கள்?

சிரமப்பட்டுத்தான். மெல்லிய தகடாக அறுத்த தந்தத்தில் எண்ணெய்ப்பசை இருக்கும், நீர்வண்ணம் ஒட்டாது. பசையை எடுத்து, வெயிலில் வைத்து வெளுக்கவிட்டு, நுரைக்கல் பொடியால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். வண்ணத்தில் வேலம் பிசின் கலந்திருக்கும். பிரச்சினை என்னவென்றால் தந்தம் வண்ணத்தை உறிஞ்சாது. காகிதத்தில் தூரிகையை இழுப்பதுபோல் இழுத்தால் கீழே ஏற்கெனவே காய்ந்திருக்கும் வண்ணம் கரைந்து மேலே வந்துவிடும். அதனால் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகை முனையால் புள்ளி புள்ளியாகவும் மெல்லிய கோடுகளாகவும் வைத்துக்கொண்டே போக வேண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கன்னம் முழுக்கச் சிவப்பு, நீலம், பழுப்புப் புள்ளிகள் தெரியும். கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்த்தால் தோல்.

இத்தனை பாடும் எதற்கென்றால் வெளிச்சத்துக்காக. தந்தம் ஒளியைக் கொஞ்சம் உள்ளே விட்டுத் திருப்பி அனுப்பும். முகத்தில் வண்ணத்தை மெல்லியதாக வைத்தால் உள்ளிருந்து ரத்தம் ஓடுவதுபோல் இருக்கும். சிலர் பின்னால் வெள்ளித் தாள்கூட வைத்தார்கள்.

4. அப்படியென்றால் கறுப்பு அங்கியை வரைவது கஷ்டமாக இருந்திருக்குமே?

சரியான கேள்வி. தந்தத்தின் சிறப்பே வெளிச்சம், பாதிரியாரின் உடையோ கறுப்பு. படத்தில் பாதி இடம் கறுப்புத்தான். கறுப்பை அடர்த்தியாகப் பூசினால் தந்தத்தின் ஒளி செத்துவிடும், மெல்லியதாகப் பூசினால் அழுக்குச் சாம்பலாகத் தெரியும். சுமாரான ஓவியர்கள் தார் பூசியதுபோல் ஒரே பரப்பாக அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள், அப்படிப்பட்ட படங்கள் ஏராளம். கெட்டிக்காரர்கள் நீலமும் பழுப்பும் கலந்து கறுப்பை உருவாக்கி, மடிப்புகளில் பிசினைக் கூட்டி, பளபளக்கும் கறுப்பு, மங்கின கறுப்பு என்று இரண்டு விதமாகக் காட்டினார்கள். பட்டு அங்கிக்கும் கம்பளிக் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

கழுத்து வெள்ளை இதற்கு நேர் எதிர். அங்கே ஈய வெள்ளையைக் கெட்டியாகவே வைப்பார்கள். படத்தைச் சாய்த்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அந்த வெள்ளை கொஞ்சம் மேடாகத் தெரியும். ஓவியர் கைகாரரா இல்லையா என்று பார்க்க நான் முகத்துக்குப் போவதில்லை, முதலில் அங்கியைப் பார்ப்பேன். முகத்தில் எல்லோரும் உழைப்பார்கள்.

5. படத்தில் இருப்பவர் பாதிரியார்தான் என்று எப்படி உறுதி செய்வது?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஏல அட்டவணைகளிலும் இணையக் கடைகளிலும் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துத் துணியுமாக ஒரு மனிதர் இருந்தால் உடனே “பாதிரியார் உருவப்படம்” என்று போட்டுவிடுகிறார்கள். நம்பாதீர்கள். 1810க்குப் பிறகு இங்கிலாந்தில் வசதியான ஆண்கள் நிறையப் பேர் கறுப்புக் கோட்டுக்கு வந்துவிட்டார்கள், வெள்ளைத் துணியைக் கழுத்தில் சுற்றிக் கட்டுவதும் எல்லோருக்கும் பொது. வைத்தியர், வங்கிக்காரர், வக்கீல், துக்கத்தில் இருக்கும் ஜமீன்தார், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

அடுத்த தடயம் பேண்ட்ஸ், அதாவது தொண்டைக்குக் கீழே தொங்கும் இரண்டு வெள்ளைத் துணிப் பட்டைகள். நம்மூர் நீதிமன்றத்தில் வக்கீல்கள் இன்றும் கட்டுவது அதன் வாரிசுதான். அங்கேயே பதிலும் இருக்கிறது: இங்கிலாந்திலும் வக்கீல்கள் கட்டினார்கள், பல்கலைக்கழகத்துக்காரர்களும் கட்டினார்கள். ஆக, பேண்ட்ஸ் மட்டும் போதாது. பேண்ட்ஸோடு அகலக் கையுள்ள கறுப்பு அங்கி, கையில் வேதாகமம் அல்லது பிரசங்க மேடையின் விளிம்பு, அல்லது அங்கிக்கு மேல் கழுத்திலிருந்து முன்பக்கம் தொங்கும் கறுப்புப் பட்டுத் துண்டு, இப்படி இரண்டு மூன்று சேர்ந்தால்தான் ஒத்துக்கொள்ளலாம். பிஷப் என்றால் பிரச்சினையே இல்லை. உப்பிய வெள்ளைக் கைகள் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டியிருக்கும், மேலே கையில்லாத கறுப்பு சாட்டின் அங்கி, ஒரு மைல் தூரத்திலிருந்தே தெரியும்.

1840கள் வாக்கில் இன்னொரு நல்ல தடயம் கிடைக்கிறது. இங்கிலாந்து சபைக்குள் பழைய கத்தோலிக்க மரபுகளை மீட்க முயன்ற ஆக்ஸ்ஃபோர்ட் இயக்கத்தைச் சேர்ந்த இளம் குருமார் கழுத்து வரை மூடிய, முன்பக்கம் திறப்பே தெரியாத கறுப்பு வெயிஸ்ட்கோட் போட ஆரம்பித்தார்கள். எதிர்த்தரப்புக்கு அது ரோமாபுரி வாடை. அதற்கு ‘மிருகத்தின் முத்திரை’ வெயிஸ்ட்கோட் என்று, பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து எடுத்துக் கேலிப்பெயர் வைத்தார்கள். குட்டிப் படத்தில் இப்படி மூடிய மார்பு தெரிந்தால் ஆள் பாதிரியார் என்பது மட்டுமா, எந்தக் கட்சி என்றுகூடச் சொல்லிவிடலாம்.

6. வெள்ளைக் காலர் எங்கே? பாதிரியார் என்றால் அதுதானே அடையாளம்?

பின்பக்கம் பூட்டும் அந்த வளையக் காலர் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் பரவுகிறது. கிளாஸ்கோ போதகர் டொனால்ட் மெக்லியோட் கண்டுபிடித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். 1820 என்று தேதி போட்ட படத்தில் அந்தக் காலர் தெளிவாகத் தெரிந்தால் தேதியைச் சந்தேகப்படுங்கள்.

7. தலையில் அந்த வெள்ளை டோப்பா?

1800க்கு அப்புறம் சாதாரண ஆண்கள் டோப்பாவைக் கைவிட்டார்கள். வயதான குருமார் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள், பிஷப்புகள் 1830கள் வரை விடவில்லை. லண்டன் பிஷப் புளோம்ஃபீல்ட் முதலில் கழற்றியவர்களில் ஒருவர், கான்டர்பரி பேராயர் சம்னரோ 1850களிலும் விழாக்களில் வைத்துக்கொண்டிருந்தார். இதனால் காலம் கணிக்கும்போது பிஷப் படங்கள் பத்து, இருபது வருடம் ஏமாற்றும். டோப்பாவை வைத்து 1790 என்று நினைத்தால் படம் 1815ஆக இருக்கும்.

8. கத்தோலிக்கக் குருமார்?

பிரான்சிலும் இத்தாலியிலும் எளிது: நீண்ட அங்கி, பிரெஞ்சுக் குருவென்றால் வெள்ளை விளிம்பு வைத்த கறுப்புக் கழுத்துப் பட்டை, ஆயரென்றால் மார்புச் சிலுவையும் மோதிரமும், கர்தினாலென்றால் சிவப்பு. இங்கிலாந்தில்தான் சிக்கல். கத்தோலிக்கர்களுக்கு உரிமை கிடைத்த 1829 வரையும், அதற்குப் பின் கொஞ்ச காலமும் அங்கே குருக்கள் தெருவில் சாதாரண மனிதரைப்போல்தான் உடுத்தினார்கள். பழுப்புக் கோட்டில் ஒரு நல்ல மனிதர் உட்கார்ந்திருப்பார், கத்தோலிக்கக் குரு என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. பின்பக்கத்தில் பெயர் எழுதியிருந்தால் உண்டு.

9. ரஷ்யாவிலும் உண்டாமே?

அது வேறு மரபு. ரோஸ்தோவ் நகரத்தில் செம்புத் தகட்டில் எனாமல் வண்ணத்தால் வரைந்து சூளையில் சுடுவார்கள், ஆயர்கள் மார்பில் அணியும் பதக்கங்களுக்கும், தூய திமித்ரியின் கல்லறைக்கு வரும் யாத்ரீகர்கள் வாங்கிப்போகும் சின்னப் படங்களுக்கும். தந்தத்துப் படம்போல் அது மங்காது. ஆனால் அங்கே வரைந்தது பெரும்பாலும் புனிதர்களை, வீட்டு ஆட்களை இல்லை.

10. யார் வரைந்தார்கள்?

பெரிய பெயர்களில் ஆண்ட்ரூ ராபர்ட்சன் முக்கியம். அபர்டீனிலிருந்து 1801இல் லண்டன் வந்தவர். முந்தைய தலைமுறைச் சிற்றோவியர் ரிச்சர்ட் காஸ்வே காலத்து நீலவான மேகமூட்ட அழகுகள் அவருக்குப் பிடிக்கவில்லை. எண்ணெய் ஓவியத்தைப்போல ஆழமான நிறமும் திரைச்சீலையும் நாற்காலியும் புத்தகமும் உள்ள பெரிய செவ்வகப் படங்களைக் கொண்டுவந்தார். இந்த மாற்றம் பாதிரியார்களுக்கு வசதி என்பது என் கருத்து. காஸ்வேயின் வெளிறிய வானத்துக்கு முன் கறுப்பு அங்கி துண்டாக நிற்கும், ராபர்ட்சனின் பழுப்புப் பின்னணியில் அது இடம் பிடித்து உட்காரும்.

அடுத்தவர் சர் வில்லியம் சார்லஸ் ராஸ் (1794–1860), விக்டோரியா ராணியின் சிற்றோவியர், 1842இல் சர் பட்டம். இரண்டாயிரத்துக்கு மேல் வரைந்தவர். பிற்பாடு கர்தினாலான ஜான் ஹென்றி நியூமனை அவர் 1840களில் வரைந்த படம் ஆக்ஸ்ஃபோர்ட் கீபிள் கல்லூரியில் இருக்கிறது. நியூமன் ஆங்கிலிக்கன் சபையை, அதாவது இங்கிலாந்து சபையை, விட்டு ரோமச் சபைக்குப் போன பத்தாண்டு அது, அதைத் தெரிந்துகொண்டு அந்த முகத்தைப் பாருங்கள்.

ஆனால் கிராமத்துப் பங்குக்குருவை வரைந்தவர்கள் இவர்கள் இல்லை. ஊர் ஊராகப் போய், தங்கும் இடத்தை உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்து, சில வாரம் இருந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனவர்கள். கையெழுத்தே போடாதவர்கள் அதிகம். பெண்களும் நிறைய, ஏனென்றால் இந்தத் தொழிலுக்கு ஒரு மேசையும் ஜன்னலும் போதும்.

11. சின்னச் சம்பளக்காரப் போதகரால் இதெல்லாம் முடியுமா?

தந்தம் முடியாவிட்டால் மலிவான வழிகள் இருந்தன. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் சுற்றிய ஓவியர் ரூஃபஸ் போர்ட்டரின் விளம்பரத்தில் கத்தரித்த பக்கத்தோற்றம் ஒரு ஜோடி 20 சென்ட், காகிதத்தில் வண்ணத்தோடு பக்கத்தோற்றம் 2 டாலர், நேர்த்தோற்றம் 3 டாலர், தந்தத்தில் 8 டாலர். அதே முகம், நாற்பது மடங்கு வித்தியாசம்.

கறுப்புக் காகிதத்தில் கத்தரிக்கும் நிழலுருவுக்குப் பாதிரியாரைவிடப் பொருத்தமான ஆளே கிடையாது, உடை ஏற்கெனவே கறுப்பு! பிரான்சிலிருந்து வந்த ஆகஸ்ட் எடுவார்ட் 1828இல் கேம்பிரிட்ஜில் அந்த ஊரின் புகழ்பெற்ற போதகர் சார்லஸ் சிமியோன் பிரசங்கம் செய்யும் விதத்தைப் பல நிலைகளில் கத்தரித்தார். கையை நீட்டி, குனிந்து, விரலைச் சுட்டி. தந்தத்து ஓவியர் பல அமர்வுகள் உட்காரவைத்து எடுத்த அமைதியான முகத்தில் கிடைக்காத சிமியோன் இதில் கிடைக்கிறார். எடுவார்ட் தன் நகல் ஆல்பங்களில் பெரும்பகுதியை 1849இல் கெர்ன்சி தீவருகே கப்பல் உடைந்ததில் இழந்தது தனிச் சோகம்.

12. பின்பக்கம் திருப்பினால் தலைமுடி இருக்கிறதே, அருவருப்பாக இல்லையா?

பழகிவிடும். பின்னிய முடியைக் கண்ணாடிக்குள் வைப்பது அந்தக் காலத்தில் சாதாரணம், உயிரோடிருப்பவர் முடியும் உண்டு, இறந்தவர் முடியும் உண்டு. முன்பக்கம் பதவி, பின்பக்கம் வீடு. முன்னால் கறாரான வேதசாஸ்திரி முறைப்பார், பின்னால் இரண்டு நிற முடி சேர்த்துப் பின்னி நடுவே தங்க எழுத்து இருக்கும். சட்டம் மாற்றுகிறேன் என்று பின்பக்கத்தைக் கழற்றி எறிந்த வியாபாரிகளை என்னால் மன்னிக்க முடியாது.

13. சென்னையில் இந்த ஓவியர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். ஜான் ஸ்மார்ட் 1785 முதல் 1795 வரை சென்னையில் வேலை செய்தார், அங்கே வரைந்த படங்களில் தன் முதலெழுத்துகளோடு இந்தியாவைக் குறிக்க ‘I’ என்ற ஆங்கில எழுத்தும் போட்டார். ஜார்ஜ் சின்னரி 1802 கடைசியில் வந்து சில வருடம் இருந்துவிட்டுக் கல்கத்தா போனார். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கம்பெனி அதிகாரிகளும் ராணுவத்தாரும். காசு அங்கேதான் இருந்தது.

14. புகைப்படம் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதா?

உடனே இல்லை. 1839இல் டாகேர் முறைப் புகைப்படம் அறிவிக்கப்பட்ட பிறகும் இருபது வருடம் தாக்குப்பிடித்தது. நிறம் இருந்தது, முகத்தில் கொஞ்சம் கருணை காட்டவும் முடிந்தது. 1854இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் திஸ்டேரி காப்புரிமை வாங்கிய விசிட்டிங் கார்டு அளவுப் புகைப்படம் 1860 வாக்கில் பைத்தியமாகப் பரவியபோது கதை முடிந்தது. பிரபலப் பிரசங்கிகளின் படங்கள் கடையில் விற்றன. ராபர்ட் தார்பர்ன் மாதிரிப் புகழ்பெற்ற சிற்றோவியர்களே வேறு வகை ஓவியத்துக்குப் போனார்கள், பலர் புகைப்படங்களுக்கு வண்ணம் பூசப் போனார்கள்.

குருமார் விஷயத்தில் திருப்பம் ஸ்காட்லாந்தில்தான் நடந்தது. 1843 மே மாதம் நானூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள் ஸ்காட்லாந்து அரசு சபையை விட்டு வெளியேறிச் சுதந்திர சபை தொடங்கினார்கள். வீடும் சம்பளமும் போகும் என்று தெரிந்தே. ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் அந்தக் கூட்டத்தை ஒரே படமாக வரைய நினைத்தார், ஆனால் இத்தனை முகங்களை எப்போது உட்காரவைத்து வரைவது? இளம் புகைப்படக்காரர் ராபர்ட் ஆடம்ஸனோடு சேர்ந்து எடின்பரோவில் போதகர்களைக் கேலோடைப் என்ற காகிதப் புகைப்பட முறையில் படம்பிடித்தார். ஆடம்ஸன் 1848இல் 26 வயதில் இறந்தார். 11 அடிக்கு மேல் அகலமுள்ள ஓவியம் 457 முகங்களோடு 1866இல்தான் முடிந்தது. இன்று யாரும் அந்த ஓவியத்தைப் பெரிதாகச் சொல்வதில்லை, அதற்கு உதவியாக எடுத்த புகைப்படங்களைத்தான் கொண்டாடுகிறார்கள். கொடுமைதான், ஆனால் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நியாயம் என்றும் தோன்றும்.

15. போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பூதக்கண்ணாடி. ஒழுங்கான வரிசையில் அச்சுப்புள்ளி தெரிந்தால் அது அச்சிட்ட படம். கைப்புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, கன்னத்தின் வளைவோடு போகும். பியானோ கட்டைத் தந்தத்தால் செய்த வெள்ளைச் சட்டம் இருந்தால் அநேகமாக 20ஆம் நூற்றாண்டுச் சுற்றுலாச் சரக்கு. பின்பக்கம் பழைய பிரெஞ்சுப் புத்தகத் தாளை ஒட்டிப் பழசாகக் காட்டுவதும் தெரிந்த வித்தை.

16. பெயர் இருக்கிறது, ஆளைத் தேட முடியுமா?

இங்கேதான் பாதிரியார் படம் வாங்கியவர் அதிர்ஷ்டசாலி. அந்தக் காலத்தில் இவர்களைப்போல் பதிவேட்டில் மாட்டியவர்கள் குறைவு. இங்கிலாந்து சபைக்குருவென்றால் 1835 வரை இணையத்திலேயே குருமார் தரவுத்தளம் இருக்கிறது, 1858 முதல் கிராக்ஃபோர்ட் என்ற குருமார் பெயரடைவு, ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜில் படித்திருந்தால் பழைய மாணவர் பட்டியல்கள். பட்டம் பெற்ற நாள், பங்கு, இறந்த வருடம் எல்லாம் வந்துவிடும். பெயரோடு ஊரும் இருந்தால் ஒரு மாலை போதும். ஆனால் “எங்கள் தாத்தா” என்று மட்டும் எழுதிவைத்த குடும்பங்களை என்ன செய்வது!

17. எப்படிப் பாதுகாப்பது?

வெயில் படாத இடம். சிவப்புச் சாயங்கள் முதலில் போகும், அப்புறம் மனிதர் சீக்காளிபோல் வெளிறிவிடுவார். ஈரப்பதம் ஏறி இறங்கினால் தந்தம் வளைந்து வெடிக்கும், அதனால் குளிரூட்டியின் நேர்க்காற்றும் சமையலறைச் சுவரும் வேண்டாம். தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது, நீர்வண்ணம் அப்படியே துணியில் வந்துவிடும். பழைய கண்ணாடி உள்பக்கம் கசிந்து சின்னத் துளிகள் தெரிந்தால் நீங்களாகத் திறக்காமல் ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

18. வாங்கலாமா, இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா?

பிரிட்டனில் 2018இல் இயற்றிய தந்தச் சட்டம் 2022 ஜூனில் அமலுக்கு வந்தது. 1918க்கு முன் செய்ததாகவும் 320 சதுர சென்டிமீட்டருக்கு மிகாமலும் இருக்கும் உருவச் சிற்றோவியங்களுக்கு விலக்கு உண்டு, விற்பவர் பதிவு செய்ய வேண்டும். பாதிரியார் படங்களில் அநேகம் இந்த அளவுக்குள் வந்துவிடும்.

இந்தியா வேறு கதை. இங்கே 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வியாபாரத்தை அடைத்துவிட்டன, ஆப்பிரிக்கத் தந்தமும் சேர்த்து. 200 வருடப் பழசு, விரல் அகலம்தானே, கலைப்பொருள்தானே என்று சுங்கத்தில் வாதாடிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆசை இருந்தால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலோ ஜெர்மனியில் செல்லே நகரத்து டான்சி சிற்றோவியத் தொகுப்பிலோ போய்ப் பாருங்கள். இரண்டும் தங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்படி இணையத்திலும் போட்டிருக்கின்றன. புள்ளிகளை எண்ணுவதற்கு அதுதான் வசதி.